எல்க்குக்கும் மானுக்கும் ஒரே ரைஃபிள், தோளும் தாங்கணும்: எந்த கேலிபர் வாங்கறது?

டென்வர் வந்து மூணு வருஷம் ஆச்சு, ஹன்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சாச்சு, நானும் மனைவியும் மாத்தி மாத்தி யூஸ் பண்ற மாதிரி ஒரே ரைஃபிள் வேணும், ப்ராங்ஹார்ன், மியூல் டியர் மாதிரி மான் அளவு மிருகத்துல ஆரம்பிச்சு எல்க்ங்கற பெரிய மான் வரைக்கும் அதுலயே போகணும், அவங்க 5 அடி 2 இஞ்ச், கிக், அதாவது சுடும்போது தோள்ல திருப்பி உதைக்கறது, ஜாஸ்தி இருக்கக்கூடாது, கடைக்காரர் 300 வின்செஸ்டர் மேக்னம்ங்கறார், ஆபீஸ்ல ஒருத்தர் 243 போதும்ங்கறார், யாரை நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு பேர் சொல்றதும் உங்களுக்கு ஒத்து வராது தம்பி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். கேலிபர்னா குண்டோட தடிமன், 243, 300ங்கறதெல்லாம் அதை வச்சு பேர் வச்ச தோட்டா வகைங்க.

முதல்ல என் கதை. நான் இங்க வந்த புதுசுல எனக்கும் ஒரு கடையில இதே 300 வின் மேகத்தான் கட்டி விட்டாங்க, எல்க் பெரிய மிருகம், அதுக்கு பெரிய துப்பாக்கின்னு. நமக்கு அதுவரைக்கும் துப்பாக்கின்னா பொருட்காட்சில பலூன் சுட்டதுதான், அது உதைக்கவா போகுது. ரேஞ்சுல பெஞ்ச்ல உக்காந்து சுட்ட மூணாவது தோட்டாலயே குறி பாக்கற ஸ்கோப் வந்து புருவத்துல பிறை மாதிரி ஒரு வெட்டு போட்டுடுச்சு, மறுநாள் ஆபீஸ்ல எல்லாரும் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு. அதுகூட ஆறிடுச்சுங்க. ஆறாதது என்னன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை ட்ரிகர் அமுத்தும்போதும் கண்ணு தானா மூடிக்கும். அந்த வருஷம் நவம்பர்ல 140 யார்டுல ஒரு பெண் எல்க் பக்கவாட்டுல அசையாம நின்னுச்சு, அதைவிட சுலபமான ஷாட் கிடையாது, குண்டு எங்க போச்சுன்னே தெரியல. சுத்தமா மிஸ்ஸானது என் அதிர்ஷ்டம், வயித்துல பட்டு அது ராத்திரி முழுக்க காட்டுக்குள்ள அலைஞ்சிருந்தா என்னால இன்னைக்கும் தூங்க முடியாது.

இதைத்தான் ஃப்ளின்ச்ங்கறாங்க. நர்ஸ் ஊசிய கையில எடுத்த உடனே, இன்னும் குத்தவே இல்ல, நம்ம கை இறுகிக்குது பாருங்க, அதே சமாச்சாரம். வெடிக்கறதுக்கு கண்ணிமைக்கற நேரம் முன்னாடியே உடம்பு பதறி பேரல கீழ தள்ளிடும். உங்களுக்கு இது இருக்கான்னு நீங்களே கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா வெடிக்கற சத்தத்துல எல்லாம் மறைஞ்சிடும். உங்க மனைவிய விட்டு மேகசின்ல நிஜ தோட்டாக்கு நடுவுல ரெண்டு டம்மி தோட்டா கலந்து போடச் சொல்லுங்க, எது எங்க இருக்குன்னு உங்களுக்கு தெரியக்கூடாது. டம்மி வந்து க்ளிக்குனு மட்டும் சத்தம் வரும்போது பேரல் முனை தலையாட்டுச்சுன்னா உங்களுக்கு வியாதி இருக்குன்னு அர்த்தம். அதனால கேலிபர் கேட்கும்போது எல்க் எவ்ளோ பெருசுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் தோள்ல யாரோடது சின்னதோ அதைக் கேளுங்க, அந்தத் தோள் எதுக்கு பதறாதோ அதுதான் உங்க வீட்டு கேலிபர்.

இப்ப கணக்கு. கிக்க அடி-பவுண்ட்ல அளக்கறது வழக்கம். ஸ்கோப்போட சேர்த்து 8 பவுண்ட் ரைஃபிள்னு வச்சுக்கிட்டா சுமாரா 243 வின்செஸ்டர் 9, 10 வரும், 6.5 கிரீட்மோர் 13, 7எம்எம்-08 ரெமிங்டன் 13லேந்து 14, 308 வின்செஸ்டர் 150 கிரெய்ன் (குண்டு எடைய சொல்ற அளவு) குண்டோட 16, 270 வின்செஸ்டர் 17, 30-06 ஸ்ப்ரிங்ஃபீல்டு 180 கிரெய்னோட 20லேந்து 22, உங்க கடைக்காரரோட 300 வின் மேக் 28, 30ன்னு போயிடும். தோட்டா மாறினா ஒண்ணு ரெண்டு முன்னபின்ன ஆகும். பொதுவா 15 வரைக்கும் பெரும்பாலானவங்க நாள் முழுக்க நிம்மதியா சுடுவாங்க, 20 தாண்டினா பழக்கமில்லாதவங்களுக்கு ஃப்ளின்ச் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். சிலபேர் எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதும்பாங்க, அவங்க டார்கெட்ட வாங்கிப் பாருங்க.

இதுல ஒரு விஷயத்த எல்லாரும் மறந்துடறாங்க, துப்பாக்கி வெயிட். வெயிட் குறைய குறைய கிக் அதே விகிதத்துல ஏறும். அதே 308ஐ 6 பவுண்ட் மவுன்டன் ரைஃபிள்ல போட்டா 16 இருந்தது 21க்கு மேல போயிடும், அதாவது 8 பவுண்ட் 30-06 உதைக்கற மாதிரி உதைக்கும். கடையில தூக்கிப் பார்த்து ஆஹா இறகு மாதிரி இருக்கேன்னு வாங்கிட்டு வர்றவங்க மாட்டறது இங்கதான். மலை ஏற லேசா இருந்தா நல்லதுதான், இல்லேங்கல, ஆனா ஸ்கோப், ஸ்லிங், தோட்டா எல்லாம் சேர்த்து ஏழரைக்கு கீழ போகாதீங்க.

சரி, 243 ஏன் வேணாம்? கொலராடோ சட்டப்படி அதுல எல்க் சுடலாம். குறைஞ்சது 24 கேலிபர், அதாவது 6எம்எம், குண்டு விரியற வகையா இருக்கணும், மான், ப்ராங்ஹார்ன், கரடிக்கு 70 கிரெய்னுக்கு குறையக்கூடாது, எல்க், மூஸுக்கு 85 கிரெய்ன், 100 யார்டுல 1000 அடி-பவுண்ட் எனர்ஜி இருக்கணும், இவ்ளோதான் விதி. 243 இதுல பாஸ். 1955ல வந்தது, 308 தோட்டாவோட கழுத்த 6எம்எம்க்கு குறுக்கினது, மானுக்கும் ப்ராங்ஹார்னுக்கும் அருமையான சாமான், எத்தனையோ குழந்தைங்க இங்க முதல் மான அதுலதான் எடுக்கறாங்க. ஆனா ஆண் எல்க் 700 பவுண்ட் நிக்கும், ப்ராங்ஹார்ன் நூறு பவுண்ட் சொச்சம். நல்லா பழகினவன் சரியான கோணத்துக்கு காத்திருந்து நுரையீரல்ல வச்சா 243 எல்க்க எடுத்துடும், புதுசா வர்றவங்களுக்கு கோணம் கொஞ்சம் தப்பும், குண்டு தோள்பட்டை எலும்புல படும், அங்க எனக்கு 100 கிரெய்ன் மேல நம்பிக்கை இல்ல. சட்டம் சொல்றது கடைசிப் படி, அதுல ஒத்தைக்கால்ல நிக்கணும்னு என்ன வந்துச்சு.

மேல இருந்து பார்த்தா 30-06. 1906ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்டது, இன்னைக்கு வரைக்கும் வட அமெரிக்காவுல இது சாய்க்காத மிருகம் கிடையாது, எந்த குக்கிராமத்து கடையிலயும் ஒரு பெட்டி இருக்கும். நீங்க மட்டும் சுடறதா இருந்தா யோசிக்கலாம்னு சொல்லியிருப்பேன். 270ம் அப்படித்தான், 1925லேந்து மலை வேட்டைக்காரங்களோட செல்லம், நேரா போகும், ஆனா கிக் கிட்டத்தட்ட 308 அளவு, சத்தமும் கொஞ்சம் அதிகம். இந்த ரெண்டையும் மரியாதையோட ஒதுக்கி வைக்கறேன்.

மிச்சம் இருக்கறது 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08, 308. உங்க பதில் இந்த மூணுக்குள்ளதான்.

என் வீட்டுல இருக்கறது 7எம்எம்-08, அதனால நான் சொல்றதுல பாசம் கலந்திருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். 1980ல ரெமிங்டன் கொண்டு வந்தது, இதுவும் 308 தோட்டாவத்தான் 7எம்எம்க்கு குறுக்கினது. ஆனா இதோட வேல பழைய 7x57 மவுசர் வேலதான், அது 1892. இங்கிலாந்துல ரிக்பி கம்பெனி அதே தோட்டாவ 275 ரிக்பின்னு பேர் போட்டு வித்துச்சு. நம்மூர் ஆளுங்களுக்கு இது பழக்கப்பட்ட பேரா இருக்கலாம், சம்பாவத் ஆட்கொல்லிப் புலிய சுட்டதுக்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907ல பரிசா கொடுத்த துப்பாக்கி ஒரு 275 ரிக்பிதான், அதை அவர் வருஷக்கணக்கா தூக்கிட்டு அலைஞ்சார். ஆப்பிரிக்காவுல கரமோஜோ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேல யானை சுட்டவர், அதுல பெரும்பகுதி இந்த 7எம்எம்லதான். அந்த வேலைய நான் மெச்சல, யானைய நெனச்சா வயிறு எரியுது, ஆனா ஒண்ணு கவனிங்க, அவர் யானை மண்டையோட உள்ளமைப்ப படிச்சு வச்சிருந்தார், உதை கம்மியான துப்பாக்கில சரியான இடத்துல நீளமான கெட்டிக் குண்ட இறக்கினார். மூளைக்கு போற வழி தெரிஞ்சவனுக்கு பீரங்கி தேவைப்படல.

6.5 கிரீட்மோர் புதுப்பையன், 2007ல ஹார்னடிங்கற தோட்டா கம்பெனி விட்டது, முதல்ல டார்கெட் போட்டிக்காக. இங்க சில பெருசுங்க இதைக் கண்டாலே கிண்டல் பண்ணுவாங்க, காப்பிக்கடை கூட்டத்தோட தோட்டான்னு. கண்டுக்காதீங்க. இதே கனமுள்ள குண்ட இதே மாதிரி வேகத்துல தள்ளற 6.5x55 ஸ்வீடன்ல 1894லேந்து இருக்கு, அங்க நூறு வருஷத்துக்கு மேல அதுலதான் மூஸ் சுட்டு சாப்பிட்டுட்டு இருக்காங்க, மூஸ் எல்க்க விட பெருசுங்க. ரகசியம் குண்டோட நீளம். 140 கிரெய்ன எடுத்து 6.5எம்எம் தடிமன்ல செஞ்சா பென்சில் மாதிரி ஒல்லியா நீளமா வரும், அதே எடைய 30 கேலிபர்ல செஞ்சா கட்டையா குட்டையா வரும். சுவத்துல ஆணி இறங்கறதுக்கும் உளி இறங்கறதுக்கும் உள்ள வித்தியாசம், ஆழமா போகும், காத்தும் கம்மியாத்தான் தள்ளும். செக்ஷனல் டென்சிட்டின்னு ஒரு எண் போடுவாங்க, 6.5ல 140 கிரெய்ன் குண்டுக்கு 0.287, 30-06ல போடற 180 கிரெய்னுக்கே 0.271தான்.

308 பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல, 1952லேந்து இருக்கு, தோட்டா எங்கயும் கிடைக்கும், கிக்தான் உங்க மனைவிக்கு எல்லைல நிக்குது. ஏற்கனவே வீட்டுல ஒண்ணு இருந்திருந்தா அதையே வச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பேன்.

தூரத்துல எது நேரா போகும்னு சண்டை போடுவாங்க, அதுவும் ஒரு பெரிய விஷயமில்ல. 200 யார்டுல ஜீரோ பண்ணி, அதாவது குறி வச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்ப சரி பண்ணி வச்சா இந்த மூணும், ஏன் 270, 30-06 கூட, 300 யார்டுல ஆறேழு இஞ்ச்லேந்து ஒம்பது இஞ்சுக்குள்ளதான் இறங்கும். மான் நெஞ்சுல உயிர்நிலை எட்டு இஞ்ச் வட்டம், எல்க்குக்கு அதைவிட பெருசு. நீங்க ரெண்டு பேரும் முதல் அஞ்சு வருஷம் 300 யார்டுக்கு மேல எல்க்க சுடவே கூடாதுன்னு நான் சொல்லப் போறதால மிச்ச அட்டவணை எல்லாம் டீக்கடை பேச்சுதான்.

அப்ப என் பதில்: 6.5 கிரீட்மோர் வாங்குங்க. என் செல்லம் 7எம்எம்-08ஆ இருந்தும் இதைச் சொல்றேன், காரணம் வேட்டையில இல்ல, கடை அலமாரில. கிரீட்மோர் தோட்டா எங்க போனாலும் பத்து வகை இருக்கும், ப்ராக்டீசுக்கு மலிவான தோட்டாவும் கிடைக்கும், 7எம்எம்-08க்கு நான் சீசன் நெருங்கும்போது மூணு கடை ஏறி இறங்கறேன். நான் வீட்டுலயே தோட்டா லோட் பண்றவன், சமாளிச்சுக்கறேன், நீங்க பண்ணப் போறதில்ல. தோட்டா கிடைக்கலன்னா ப்ராக்டீஸ் நின்னுடும், ப்ராக்டீஸ் நின்னா மேல சொன்ன அத்தனையும் வீண். எங்கயாவது 7எம்எம்-08 நல்ல விலைக்கு மாட்டி, கூடவே பத்து பெட்டி தோட்டாவும் கிடைச்சா கண்ண மூடிட்டு எடுத்துடுங்க, வருத்தப்பட மாட்டீங்க.

கேலிபர்ல பாதி மண்டைய உடைச்சுக்கறோம், குண்டுல யாரும் உடைச்சுக்கறதில்ல, அதுதான் எனக்கு கோவம். கிரீட்மோர்ல எல்க் செத்து விழலன்னு புலம்பறவங்கள விசாரிச்சா பாதிப்பேர் காகிதக் குறிய சுடறதுக்குன்னு செஞ்ச டார்கெட் குண்டு போட்டிருப்பாங்க. 1946ல ஜான் நாஸ்லர்ங்கறவர் பிரிட்டிஷ் கொலம்பியாவுல மூஸ் வேட்டைக்கு போனார், கையில 300 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம், சேறு அப்பின தோல்ல பட்டு குண்டு மேலாப்புலயே சிதறிடுச்சு, ஆழமா இறங்கவே இல்ல. மேக்னம்ங்க அது! திரும்பி வந்து நடுவுல செம்புத் தடுப்பு வச்ச குண்டு ஒண்ணு செஞ்சார், முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே துளைச்சிட்டு போகும், அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன், 1948லேந்து விக்குது. உங்களுக்கு எல்க்குக்கு பார்ட்டிஷன் மாதிரியோ, ஈயமும் உறையும் ஒட்டின பாண்டட் குண்டோ, இல்ல பார்ன்ஸ் மாதிரி முழு செம்புக் குண்டோ போடுங்க, செம்புல 120, 127 கிரெய்னே போதும். செம்புக்கு இன்னொரு நல்லது, கறியில ஈயத்தூள் இருக்காது, வீட்டுல குழந்தைங்க சாப்பிடுவாங்கன்னா அதையே எடுங்க. கலிஃபோர்னியாவுல கான்டோர் கழுகுங்க ஈயத்தால செத்துதுன்னு 2019 ஜூலைலேந்து வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாதுன்னுட்டாங்க.

துப்பாக்கி பிராண்டுக்கு நான் ரொம்ப மெனக்கெட மாட்டேன், டிக்கா டி3எக்ஸ், ருகர் அமெரிக்கன், சாவேஜ், எதுவானாலும் உங்க ரெண்டு பேர விட நல்லாத்தான் சுடும். பார்க்க வேண்டியது கட்டையோட நீளம். ட்ரிகர்லேந்து தோள் வரைக்கும் வர்ற லெங்க்த் ஆஃப் புல் சாதாரணமா பதிமூணரை இஞ்ச் இருக்கும், 5 அடி 2 இஞ்ச் ஆளுக்கு அது நீளம், கழுத்த முன்னாடி நீட்டி, முதுக பின்னாடி வளைச்சு நிப்பாங்க, அப்ப 13 அடி-பவுண்டும் கழுதை உதைச்ச மாதிரி இருக்கும். பன்னெண்டரைக்கு குறைச்சு, நடுவுல துண்டு சேர்த்து உங்களுக்கு நீட்டிக்கற மாதிரி கட்டைங்க வருது, சாவேஜ்ல அக்யுஃபிட்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதை ரெண்டு பேரும் போய் தோள்ல வச்சுப் பாருங்க. குளிர்காலத்து ஜாக்கெட்ட போட்டுட்டு போங்க, நவம்பர்ல டி-ஷர்ட்டோட எல்க் தேட மாட்டீங்க. நல்ல ரப்பர் ரீகாயில் பேட் போடுங்க. பேரல் முனைல மாட்டற மசில் பிரேக் போட்டா கிக் நிறைய குறையும், ஆனா சத்தம் பக்கவாட்டுல வந்து காத கிழிக்கும், வேட்டையில காதடைப்பான் மாட்ட மறந்து ஒரு ஷாட் சுட்டா அந்த ங்ங்ங்னு சத்தம் வாழ்நாளெல்லாம் கூட வரலாம், கிரீட்மோருக்கு அது தேவையே இல்ல.

கூடவே ப்ராக்டீசுக்கு ஒரு 22 ரைஃபிள், கிக்கே இல்லாத சின்ன தோட்டா, வாங்குங்க, கேலிபர் ஒண்ணுதான் வேணும்னு சொன்னீங்க, தெரியும், ஆனாலும் வாங்குங்க. மாசம் நூறு தோட்டா அதுல சுட்டு ட்ரிகர பழக்குங்க, கிரீட்மோர்ல ஒரு தடவைக்கு இருபதுக்கு மேல வேணாம், அதுவும் பெஞ்ச்ல ஜீரோ பாத்தவுடனே எந்திரிச்சிடுங்க, பெஞ்ச்ல உக்காந்தா எந்த துப்பாக்கியும் நின்னு சுடறத விட மோசமா உதைக்கும். உக்காந்து, மண்டி போட்டு, ஷூட்டிங் ஸ்டிக்ல சாய்ச்சு சுட்டுப் பழகுங்க. சின்ன பேப்பர் தட்டு ஒண்ணு மாட்டி அஞ்சுக்கு அஞ்சு உள்ள விழற தூரம் எதுவோ அதுதான் அந்த வருஷம் உங்க எல்லை, உங்களுக்கு 220 யார்டு, அவங்களுக்கு 260ன்னு வந்தா ரோஷப்படாதீங்க, எங்க வீட்டுல அப்படித்தான்.

நீங்க என்ன விசான்னு சொல்லல. கிரீன் கார்டுன்னா இத விட்டுடலாம். எச்1பி வேலை விசான்னா ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே தடை, அதுக்கு இருக்கற விலக்குல ஒண்ணு ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ். ஹன்டர் எஜுகேஷன் கார்டு வேற, ஹன்டிங் லைசென்ஸ் வேற, குழப்பிக்காதீங்க. உங்க மனைவி எச்4 குடும்ப விசான்னா அவங்களுக்கு தனியா அவங்க பேர்ல லைசென்ஸ் வேணும், உங்களோடத காட்ட முடியாது. லைசென்ஸ் காலாவதி ஆயிட்டா துப்பாக்கி அலமாரில தூங்கினாலும் பிரச்சனைதான், அதனால தேதிய ஃபோன்ல போட்டு வச்சு ஒரு நாள் கூட இடைவெளி விடாம புதுப்பிங்க. ரேஞ்சுக்கு போய் வாடகைத் துப்பாக்கில சுட்டுப் பார்க்கறதும் இதுக்குள்ளதான் வரும், அதனால லைசென்ஸ் முதல்ல, ரேஞ்ச் அப்புறம். உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கடைக்கு போங்க.

கடைக்கு போனா ஒண்ணு மட்டும். அலமாரில 6.5 பிஆர்சின்னு இன்னொரு பெட்டி கிரீட்மோருக்கு பக்கத்துலயே இருக்கும், அதுவும் 6.5தான், ஆனா வேற தோட்டா, உங்க துப்பாக்கில உள்ளயே போகாது, தோட்டாவ பெரும்பாலான கடையில திருப்பியும் வாங்க மாட்டாங்க. பேரல்ல பொறிச்சிருக்கற எழுத்த ஃபோட்டோ எடுத்துட்டு போய் பெட்டியோட ஒத்துப் பாத்து வாங்குங்க.